மூன்றாம் தடவை கேட்கும்வரை

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று சைக்கிளில் பள்ளிக்குப் போவதற்குள் நாலு விதமாக நனைந்தேன். வாசலில் மழை என்று சொல்ல ஒன்றுமில்லை, காற்றே ஈரமாக இருந்தது. ரவுண்டானா பக்கத்தில் நேர் மழை. பாலத்தில் ஏறியதும் ஆற்றிலிருந்து படுக்கையாக அடித்தது, இடது காதுக்குள் மட்டும் தண்ணீர். பாலம் இறங்கினால் நல்ல வெயில். வெயிலில் எப்படி நனைவது என்றால், முன்னால் போன லாரியின் சக்கரத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆனாலும் மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. நூலக அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காலுறைகளைக் காயப் போட்டுவிட்டு, அதற்கே முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, எரிமலைகளைப் பற்றிய புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் படித்தேன். இதைவிட நல்ல காலை யாருக்குக் கிடைக்கும்?

என் தோழி சோர்கா பஸ்ஸில் வருகிறவள். முதல் பாடம் பாதி முடிந்த பிறகுதான் வந்தாள். தலைமுடி காய்ந்து அழகாக இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கடல்நாய் ஒண்ணு கரையேறி வந்த மாதிரி இருக்கேடி."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவளைத் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்த பஸ்ஸை ஓட்டியது என் அப்பா. அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல அப்பா சைக்கிள்காரர்களைத் தாளித்தார். விளக்கில்லாமல் போனவன், சிவப்பில் நிற்காதவன், ஒரு கையில் காபியோடு வளைந்தவள். உருளைக்கிழங்கு ஆறிப்போகும்வரை ஒவ்வொருவராக வந்துபோனார்கள். நான் தலை நிமிரவே இல்லை. அம்மா மேசைக்கடியில் என் காலை லேசாக மிதித்தாள், சிரிக்காதே என்று.

கோடை முழுக்கக் கெஞ்சித்தான் பள்ளிக்குச் சைக்கிளில் போக அனுமதி வாங்கினேன். கொடுத்தபோது அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "ஒரு தடவை கீழ விழுந்தேன்னு என் காதுல விழட்டும், சைக்கிள் கொட்டகைக்குள்ள போயிடும். பூட்டு நான் போடுவேன், பேராசிரியை அம்மா." எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிறேன் என்று அவர் எனக்கு வைத்த பட்டம் அது.

அவர் காதில் விழாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது. கால்வேயின் மேற்குப் பக்கம் பாதி அவர் பஸ்ஸில்தான் ஏறி இறங்குகிறது. ஏறுகிறவர்கள் சீட்டு வாங்குவதற்கு முன்னால் செய்தி சொல்கிறார்கள். நேற்று டிலியா, மீன் கடையில் வேலை பார்க்கிறவர், "உன் பொண்ணைப் பாலத்துல பார்த்தேன் கோல்மன், தனக்குத்தானே பேசிக்கிட்டு மிதிக்கிறா," என்று சொல்லியிருக்கிறார். அது ஐரிஷ் வினைச்சொற்கள். பரீட்சை இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையைக் காலுறைக்கு மேல் மாட்டி, அதற்கு மேல் ஷூ. அம்மாவின் யோசனை. கால் காய்ந்தே இருந்தது. நாள் முழுக்க நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம். பரவாயில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

சால்ட்ஹில் கடற்கரைச் சாலைக்குச் சும்மா போனேன். பள்ளியில்லை, பையில்லை, ஒரு வேலையுமில்லை. போகும்போது காற்று முதுகில். பெடலில் கால் வைத்திருந்ததே மரியாதைக்குத்தான். கோடியில் எல்லோரையும் போலச் சுவரை ஒரு உதை உதைத்தேன். ஏன் உதைக்கிறோம் என்று பக்கத்தில் உதைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். நாய் வைத்திருந்தார். "உதைக்கலேன்னா நடந்தது கணக்குல வராது," என்றார். நாயும் முகர்ந்து பார்த்துக்கொண்டது.

திரும்பும்போது அதே காற்று முகத்தில். நடந்து போன இரண்டு பெண்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். உப்பு உதட்டில். கண்ணில் தண்ணீர். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கிளேர் மலைகள் கொஞ்ச நேரம் தெரிந்தன, பிறகு யாரோ துடைத்தது போல மறைந்தன. வீட்டுக்கு வந்து சூடான சூப். நான் கொடுத்து வைத்தவள். உண்மையாகவே.

செப்டம்பர் 30, செவ்வாய்

மழையில்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது.

விழுந்துவிட்டேன்.

பள்ளி விட்டு வரும்போது, மாதாகோயில் தாண்டிய பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். சாக்கடை இரும்பு மூடி, அதன் மேல் ஈர இலை. ஒரு கார் இல்லை, யாருடைய தவறும் இல்லை. முன்சக்கரம் சறுக்கியது, நான் வலது கை ஊன்றிக் கீழே. சக்கரம் கோட்டமாகிவிட்டது.

உணவு கொண்டுபோகும் ஒருவர், முதுகில் பெரிய சதுரப் பெட்டி, சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அடிபட்டதா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றேன். வீடுவரை கூட வரட்டுமா, யாருக்காவது போன் செய்யட்டுமா என்று மறுபடி கேட்டார். வேண்டாம் வேண்டாம், ஒன்றுமே இல்லை என்றேன். சிரித்தும் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னதை நம்பினார், போய்விட்டார்.

போயே போய்விட்டார்!

நான் அங்கேயே நின்றேன். அவர் திரும்பி வந்து இன்னொரு முறை கேட்பார் என்று எனக்குள் நிச்சயமாக இருந்தது. முதலில் வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாவது தடவை வேண்டாம் என்பதும் மரியாதை, மூன்றாவது தடவை கேட்டால்தான் "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று சொல்ல முடியும். டீக்கே அப்படித்தானே? யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். அவர் பேச்சில் வேறு ஊர் இருந்தது. பிரேசிலாக இருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியும்?

முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மழை. அந்த வழியில் எனக்குத் தெரிந்த ஒருவர்கூட வரவில்லை, முதல் முறையாக.

ஆனால் எதிர்ப்பக்கம் போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து டிலியா பார்த்திருக்கிறார். இறங்கி அவர் ஏறிய அடுத்த பஸ் அப்பாவுடையது. நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

அக்டோபர் 8, புதன்

எலும்பு முறியவில்லை. சுளுக்கு. மணிக்கட்டில் கட்டு. நல்ல வேளை, நல்ல வேளை என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். சைக்கிளைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தார், பூட்டினார், சாவியை அவருடைய பஸ் சாவிக் கொத்திலேயே கோர்த்துக்கொண்டார். அந்தப் பெட்டிக்காரரைத்தான் திட்டித் தீர்த்தார். ஒரு குழந்தையை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறவன் மனுஷனா என்றார்.

அவர் கேட்டாருப்பா, நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. ஏன் வரல? சொன்னா இன்னும் முட்டாளா தெரிவேன்னா? கை வலிச்சுது, சைக்கிள் போச்சு, அதுக்கு மேல இது வேறயா? நான் குழந்தையும் இல்ல. பதினாலு வயசு.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் பஸ். நாற்பது பேரின் ஈரக் கோட்டு வாசனை. ஜன்னலில் மூச்சுப் புகை. பாலத்தில் ஒரு அடி நகர்ந்து ஒரு யுகம் நின்றோம். ஒரு பெண் சிவப்புத் தொப்பியோடு சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனாள். தலையைத் திருப்பிக்கொண்டேன்.

இது காலை. சாயங்காலம் நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

திரும்பி வரும்போது அப்பாவின் பஸ். அவருக்குப் பக்கத்தில் முன்னால் நின்றேன். மாதாகோயில் தாண்டிய நிறுத்தம் நெருங்கியது. அங்கே, கொட்டுகிற மழையில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். முதுகில் அதே பெட்டி. பஸ்ஸைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாலத்துப் பக்கமாக, சைக்கிள் வரும் பக்கமாக.

"அவர்தாம்ப்பா," என்றேன்.

கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். படியில் ஏறாமல் கீழேயே நின்று பேசினார். பேர் எடில்சனாம்.

"நேத்தும் வந்து நின்னேன். நீ வரல. நான் தங்கியிருக்கற வீட்டம்மா என்னைப் பிடிச்சுத் திட்டிட்டாங்க. இந்த ஊர்ல ரெண்டு தடவை கேட்டா கேட்டதாவே ஆகாதாம். எனக்கு யாரு சொன்னா? அதான், மூணாவது தடவை கேக்க வந்தேன். அடி பட்டுச்சா?"

கண்ணாடி துடைக்கும் தண்டு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஆமா," என்றேன். "வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. நீங்க போகாம இருந்தா நல்லா இருந்திருக்கும்."

அழுதுவிட்டேன், எல்லோர் முன்னாலும். எடில்சனுக்கும் கண் கலங்கியது என்று நினைக்கிறேன், மழையில் சரியாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து டிலியாவின் குரல்: "அந்தப் பையனை உள்ள கூப்பிடு கோல்மன், ஊறிப் போயிட்டான்."

"சைக்கிளைப் பஸ்ல ஏத்தக் கூடாது," என்றார் அப்பா. அதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. பிறகு கொஞ்சம் இருமிவிட்டு, எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னார். சனிக்கிழமை டீ குடிக்க வரணும் என்றார்.

எடில்சன் வேண்டாம் என்றார். பிறகு யோசித்து, "இப்ப நீங்க இன்னும் ரெண்டு தடவை கேப்பீங்களா?" என்றார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. என் அப்பாவும்.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

மாடிப்படியில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன். கேட்கக் கூடாதுதான்.

அப்பா: இரண்டு நாளாக அந்தப் பையனை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் கேட்டிருக்கிறான். இவள்தான் துரத்தியிருக்கிறாள். எங்கிருந்து வந்தது இந்தப் புத்தி?

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "போன குளிர்காலத்துல தோளைத் தூக்க முடியாம ஒரு வாரம் பஸ் ஓட்டினது யாரு? ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு. கோட்டை நான்தான் மாட்டி விட்டேன் தினமும். நீ வேண்டாம்னதை நானும் நம்பியிருந்தா?"

நாற்காலி நகரும் சத்தம் மட்டும்.

நல்ல அம்மா.

அக்டோபர் 11, சனி

எடில்சன் வந்தார். அம்மா கொடுத்த மூன்று துண்டு ஆப்பிள் கேக்கையும் முதல் தடவை கேட்டதிலேயே வாங்கிக்கொண்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சாவி எடுத்தார், கம்பிகளை முறுக்குவது. சக்கரத்தைப் பார்க்கலாமா என்றார்.

அப்பா கொட்டகையைத் திறந்தார். இரண்டு பேரும் சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, முறுக்கி, மறுபடி சுழற்றி, சாயங்காலம் வரை. எடில்சனின் ஊரில் மழை வந்தால் ஒரேயடியாக வந்து போய்விடுமாம். இங்கே மழைக்குப் போக வேறு இடமில்லை போலிருக்கிறது என்றார். அப்பா அதை இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார், திங்கட்கிழமை பயணிகளிடம் சொல்ல.

சக்கரம் இப்போது கோட்டமில்லாமல் ஓடுகிறது. அப்பா சைக்கிளை உள்ளே வைத்தார். மறுபடி பூட்டினார்.

"விழுந்தது விழுந்ததுதான்," என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

அக்டோபர் 16, வியாழன்

பஸ். பஸ். பஸ். சோர்கா துணைக்கு இருக்கிறாள், அதற்கு நன்றி. கடல்நாயைக் காணவில்லையே என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

கட்டு பிரித்தாயிற்று. கை மெலிந்து, வேறு யாருடையதோ போல வெள்ளையாக இருக்கிறது.

மழை என் மேல் படாமல் இரண்டு வாரம். எனக்கே இது விசித்திரம், மழை வேண்டுமென்று ஏங்குவது. மழைகூட அல்ல, அதற்குப் பிறகு வரும் அந்த நேரம். முகம் எரிய உள்ளே நுழைந்து, கை விரல்கள் ஒவ்வொன்றாக உயிர் பெறும்போது, இங்கே வந்து சேர்ந்தது நான்தான், என் காலால்தான் என்று தெரியுமே, அது. பஸ்ஸில் போனால் கொண்டுபோய் விடுகிறார்கள். அவ்வளவுதான்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவர் கொண்டுபோய் விடுகிறவர் ஆயிற்றே.

அக்டோபர் 25, சனி

சொல்லிவிட்டேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார், வாயைத் திறக்க முடியாத நேரம். எல்லாவற்றையும் சொன்னேன். விழுவேன் என்றும் சொன்னேன். மறுபடி விழலாம், ஆனால் யாராவது கேட்டால் முதல் தடவையே ஆமாம் என்பேன், அதை மட்டும் சத்தியமாகச் சொல்ல முடியும் என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ போற வழியை நான் பஸ்ஸுல இருந்துதான் பார்த்திருக்கேன். இந்த ஒரு வார விடுமுறை முடியறதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மாவோட சைக்கிள்ல உன் பின்னால வரேன். பள்ளிக்கூடம் வரைக்கும். எனக்குப் பிடிக்காத இடம்னு ஒண்ணு பட்டுச்சுன்னா பேச்சு முடிஞ்சுது. சரியா?"

சரி என்றேன். முதல் தடவையே.

நவம்பர் 2, ஞாயிறு

வேறு எந்த ஞாயிறும் கிடைக்கவில்லையா? காலையில் ஜன்னல் சட்டமே அதிர்ந்தது. இன்னொரு நாள் போகலாமா என்று அம்மா கேட்டாள். பள்ளி நாளில் இவள் காற்றைக் கேட்டுக்கொண்டா கிளம்புகிறாள் என்றார் அப்பா. பஸ் ஓட்டுநர் மழைக்கோட்டு. அம்மாவின் சைக்கிள் சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டார். பதினாறு வயதுக்குப் பிறகு சைக்கிளே ஏறவில்லையாம். முதல் தெருவில் வேலியில் போய் மோதி, அதனோடு கொஞ்சம் பேசிவிட்டு வந்தார்.

நான் முன்னால், அவர் பின்னால். திரும்பிப் பார்க்கும் போதெல்லாம் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் அவர் வேகம் தானாகக் குறைந்தது. ஆட்கள் நின்றால் தலையசைத்தார். சிரிக்காமல் ஓட்டுவது கஷ்டமாக இருந்தது.

பாலத்தில் சிரிப்பு நின்றது. பக்கவாட்டுக் காற்று, மழை கண்ணுக்குள். பின்னாலிருந்து ஒரு பஸ் எங்களை ஒட்டி, மிக ஒட்டித் தாண்டியது. அதன் காற்று எங்களை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. ஓட்டியது மார்ட்டி, அப்பாவோடு சீட்டாடுகிறவர். அப்பா அவர் பேரைச் சொல்லிக் கத்தியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினார்.

முடிந்தது என்று நினைத்தேன். பிடிக்காத இடம் பட்டுவிட்டது.

"நானும் இப்படித்தான் போயிருப்பேன்," என்றார். என்னிடம் இல்லை, ஹேண்டில்பாரிடம். "இடம் விட்டுத்தான் போறேன்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பேன்."

பள்ளி வாசல் வரை போனோம். திரும்பி வரும்போது, மாதாகோயில் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அந்த இரும்பு மூடியைக் காட்டச் சொன்னார். இறங்கி ஷூவால் அழுத்திப் பார்த்தார், வழுக்கியது. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேராகக் கடலுக்கு விட்டார். ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் போனேன்.

கடற்கரைச் சாலையில் காற்று சுவர் மாதிரி நின்றது. அப்பாவின் கோட்டு பாய்மரம் போல உப்பியது. பெடல் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் காற்றையும் மீறிக் கேட்டது. பக்கத்தில் போனேன்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

கொஞ்ச தூரம் போனோம். முகம் பீட்ரூட் நிறம்.

"கஷ்டமா இருக்காப்பா?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீ பார்த்துப் போ."

இன்னும் கொஞ்ச தூரம். ஒரு கடற்காகம் எங்களுக்கு மேலே நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்தது. அதுவும் எங்கும் போகவில்லை.

"அப்பா, முதுகுல கை வைக்கட்டுமா?"

இன்னும் இரண்டு சுற்று பெடலை மிதித்துப் பார்த்தார்.

"வை," என்றார். "முடியல கண்ணு."

நல்ல கையை அவர் முதுகில் வைத்தேன். ஈரக் கோட்டுக்கடியில் சூடாக இருந்தது. தள்ளினேன் என்று சொல்ல முடியாது, எனக்கு அவ்வளவு பலமில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. கோடிவரை அப்படியே போனோம். சுவரை உதைத்தோம், அவர் இரண்டு தடவை. திரும்பும்போது காற்று முதுகில். என் அப்பா, ஐம்பத்திரண்டு வயது, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு போனார்.

முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சூப் குடித்துவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

நவம்பர் 3, திங்கள்

பள்ளி நூலகத்தில், ரேடியேட்டருக்கு முதுகைக் கொடுத்து எழுதுகிறேன்.

காலையில் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. என் சைக்கிள் வாசலில் நின்றது, செயினுக்குப் புது எண்ணெய். அம்மா தன் சைக்கிளைப் பார்க்கப் போனாள். சீட்டு அவள் இடுப்புக்கு மேலே நின்றது.

"இதை யாரு கீழ இறக்கறது?" என்றாள்.

அப்பா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும் மஜெல்லா. உனக்கு வேற ஒண்ணு பாத்துக்கலாம்."